படைவீரர்களின் நினைவுகளைப் பதிவு செய்ய உதவிய அனைவருக்கும் நன்றி மடல்

மதிப்பிற்குரிய மூத்த படைவீரர்களுக்கும் அவர்தம் குடும்பத்தினருக்கும் வணக்கம்.

உலகப் போர்களில் பணியாற்றிய கனேடியரின் நினைவுகளை ஒலிப்பதிவு செய்ய 2012ஆம் ஆண்டு ரொறன்ரோவில் நாங்கள் சிலர் புறப்பட்டபோது, முன்பின் அறியாத எங்களை வீட்டுக்குள் அழைத்து, தேநீர் தந்து, பெற்ற பிள்ளைகளிடம்கூடச் சொல்லாதவற்றை எங்களிடம் சொன்னீர்கள். அந்த நம்பிக்கைக்கு முதலில் நன்றி.

1942 ஆகஸ்ட் 19 அன்று பிரான்சின் டியெப் கரையைத் தாக்கச் சென்ற ஏறத்தாழ 5,000 கனேடியரில் 900க்கும் மேற்பட்டோர் மாண்டதையும், 1,900க்கும் மேற்பட்டோர் சிறைப்பட்டதையும் நாங்கள் படித்திருந்தோம். சிறைப்பட்டவர்களுள் ஒருவரான பெரியவர், தம் இரு மணிக்கட்டுகளையும் ஒன்றுசேர்த்து எங்கள் முன் நீட்டிக் காட்டியபோதுதான் அந்த எண்கள் எங்களுக்கு மனிதர்களாயின. ஜெர்மானியர் கைதிகளின் கைகளை முதலில் கயிற்றாலும் பின்னர் விலங்காலும் பிணைத்து ஓராண்டுக்கும் மேலாக வைத்திருந்ததையும், மீன் டப்பாவைத் திறக்கும் சாவியால் விலங்கைக் கழற்றிவிட்டுக் காவலரின் காலடி கேட்டதும் மறுபடி மாட்டிக்கொண்டதையும் சொல்லி, தொண்ணூறு வயதில் அவர் சிறு பையனைப் போலச் சிரித்தார். பிறகு வெகுநேரம் பேசவில்லை. பதிவில் அந்த மௌனத்தை நாங்கள் வெட்டவில்லை. வெட்டச் சொல்லாத குடும்பத்தாருக்கும் நன்றி.

வட அட்லாண்டிக்கில் கொர்வெட் எனும் சிறு போர்க்கப்பலில் இருந்த மாலுமி ஒருவர், மேல்தளத்தில் உறைந்த பனிக்கட்டியின் பாரத்தால் கப்பல் கவிழ்ந்துவிடாதபடி, இரவிலும் கோடரியால் அதைக் கொத்திக் கடலில் தள்ளியதை விவரித்தார். 1945இல் நெதர்லாந்துக்குள் நுழைந்த காலாட்படை வீரர் ஒருவரோ, போரைப் பற்றி அதிகம் பேசாமல், அந்தப் பட்டினிக் குளிர்காலத்தில் துலிப் கிழங்கைத் தின்று உயிர் பிழைத்த பிள்ளைகளின் மெலிந்த கால்களைப் பற்றியே பேசினார்.

முதலாம் போரின் வீரர்களை நேரில் சந்திக்கும் பேறு எங்களுக்கு வாய்க்கவில்லை. கடைசிக் கனேடிய வீரரான ஜோன் பாப்கொக் 2010இலேயே மறைந்துவிட்டார். ஆனாலும் 1917 ஏப்ரலில் பிரான்சின் விமி மேட்டுப் போர்க்களத்தில் நின்ற தந்தையின் பென்சில் கடிதங்களை, தம் கையாலேயே ஒவ்வொன்றாகப் பிரித்து வாசித்துக் காட்டிய மகளுக்குக் கடமைப்பட்டுள்ளோம்.

இந்த வேலையில் எனக்குச் சொந்தக் காரணமும் உண்டு. 1942 ஏப்ரல் 4 அன்று, இலங்கையின் கொக்கலையிலிருந்து கட்டலினா விமானத்தில் பறந்த கனேடிய விமானப்படை அதிகாரி லெனார்ட் பேர்ச்சல், இலங்கையை நோக்கி வந்துகொண்டிருந்த ஜப்பானியக் கடற்படையைக் கண்டு செய்தி அனுப்பினார்; விமானம் சுட்டு வீழ்த்தப்பட, போர் முடியும்வரை சிறையிலிருந்தார். மறுநாள் கொழும்பும், 9ஆம் திகதி திருகோணமலையும் குண்டுவீச்சுக்கு உள்ளாயின. அன்று திருகோணமலையிலிருந்து ஒரு சோற்றுப் பானையோடு ஓடியதை என் அம்மம்மா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். பேர்ச்சலின் பெயரை அவர் அறிந்ததில்லை. நானும் இந்த நாட்டுக்கு வந்த பிறகே அறிந்தேன்.

பெரியவர்கள் களைத்ததும் எங்களை மெல்ல எழுப்பி அனுப்பி, மறுவாரம் மறவாமல் அழைத்த தாதியருக்கும், பிரெஞ்சுப் பேச்சைப் பொறுமையாக எழுத்தாக்கித் தந்த கியூபெக் நண்பர்களுக்கும், காது மந்தமான தாத்தாவுக்கு எங்கள் கேள்விகளை உரக்கத் திருப்பிச் சொன்ன பேரப்பிள்ளைகளுக்கும் எங்கள் மனமார்ந்த நன்றி.

பதிவுகளின் பிரதிகளை ஒவ்வொரு குடும்பத்துக்கும் கொண்டுவந்து தருகிறோம். டியெப் பெரியவரின் மனைவி, தம் கணவர் சிரிக்கும் இடம் எத்தனையாவது நிமிடத்தில் வருகிறது என்று கேட்டிருந்தார். அதை உறையின் மேல் எழுதி வைத்திருக்கிறோம், அம்மா.

நன்றியுடன்,
ஒலிப்பதிவுக் குழுவினர் சார்பில்,
ரொறன்ரோ