அடுத்த தடவையாவது தேதி போட்டு சொல்லுங்க: சுகாதார அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

உலக சுகாதார நிறுவனத்தாருக்கும், ஒவ்வொரு நாட்டுலயும் எந்த மருந்த குடுக்கலாம் எதை குடுக்கக்கூடாதுன்னு முடிவு பண்ற எல்லா அதிகாரிகளுக்கும் வணக்கம்.

கொரோனா சமயத்துல எந்த மருந்து வேலை செய்யும்னு மாத்தி மாத்தி சொன்னீங்களே, அதப் பத்திதான் இந்த மடல். முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன், நான் தடுப்பூசிய எதிர்க்கற கோஷ்டி இல்ல. ரெண்டு டோஸும் பூஸ்டரும் போட்டாச்சு, ஊசிக்குள்ள சிப் இருக்குன்னு ஃபார்வர்டு போடற சித்தப்பாவோட சண்டை போட்டு ஃபேமிலி குரூப்ப விட்டே வெளிய வந்தவன் நான். ஆனா அந்த மனுஷன் ஏன் உங்கள நம்பாம போனாருன்னு இப்ப உக்காந்து யோசிச்சா பாதி பழி உங்க தலையிலதான் விழுது.

மலேரியாவுக்கு குடுக்கற ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் கதைய எடுத்துக்குங்க. அமெரிக்காவுல மருந்துக்கு அனுமதி குடுக்கற எஃப்.டி.ஏ 2020 மார்ச் 28 அதை கொரோனாவுக்கு குடுக்க அவசர அனுமதி குடுத்தாங்க, ஜூன் 15 அதை ரத்து பண்ணாங்க. நடுவுல மே 22 லான்செட்ங்கற மருத்துவ இதழ்ல ஒரு கட்டுரை, இந்த மருந்து சாப்பிட்டவங்கதான் அதிகமா சாகறாங்கன்னு. உடனே உலக சுகாதார நிறுவனமான நீங்க, நோயாளிங்களுக்கு மருந்து குடுத்து சோதிச்சுப் பாத்த சாலிடாரிட்டி ட்ரையல்ல அந்த மருந்த நிறுத்தி வச்சீங்க. ரெண்டே வாரம், ஜூன் 4 அந்தக் கட்டுரையவே வாபஸ் வாங்கிட்டாங்க, ஏன்னா சர்ஜிஸ்ஃபியர்ங்கற கம்பெனி குடுத்த டேட்டாவ வெளியாளு யாராலயும் சரிபாக்க முடியல. மருந்து பிரயோஜனமில்லன்னு இங்கிலாந்துல நடந்த ரெக்கவரி மாதிரி பெரிய ட்ரையல் தனியா காட்டிருச்சு, அதுல எனக்கு சந்தேகமே கிடையாது. ஆனா அதுக்குள்ள "பாத்தியா, பொய் டேட்டா வச்சு நல்ல மருந்த அமுக்கப் பாத்தாங்க"ன்னு சித்தப்பா பிடிச்சுக்கிட்டாரு. அவர் கேட்ட கேள்வியில பாதி நியாயம் இருந்துச்சே, என்ன பதில் சொல்ல?

கொரோனா வந்து குணமானவங்க ரத்தத்துலேருந்து எடுத்துக் குடுத்த பிளாஸ்மாவும் அப்படித்தான். 2020 ஆகஸ்ட்ல எஃப்.டி.ஏ தலைவரே மேடையில நின்னு, நூறு பேருக்கு குடுத்தா 35 பேர் பொழைப்பாங்கங்கற மாதிரி பேசிட்டாரு, கணக்கே தப்பு, மறுநாள் மன்னிப்பு கேட்டாரு. மன்னிப்பு கேட்டது பெரிய மனசுதான். ஆனா முதல் பேச்சு போன தூரத்துக்கு மன்னிப்பு போகல.

இனி எங்க வீட்டு விஷயம். பெரியப்பா கொரோனா வந்து ஆக்சிஜன்ல இருந்தப்ப ரெம்டெசிவிர்ங்கற வைரஸ் எதிர்ப்பு ஊசி கொண்டு வாங்கன்னு சீட்டு எழுதிக் குடுத்துட்டாங்க. நானும் அண்ணனும் ராத்திரி முழுக்க தெரிஞ்ச நம்பர் தெரியாத நம்பர் எல்லாத்துக்கும் போன் அடிச்சு கெஞ்சி, ஒருத்தன் இருக்குன்னு சொல்லி அப்புறம் போனையே ஆஃப் பண்ணி, கடைசி வரைக்கும் கெடைக்கல, நாலாம் நாள் அவர் போயிட்டாரு. பெரியம்மா இன்னிக்கும் "அந்த ஊசி மட்டும் கெடைச்சிருந்தா"ன்னுதான் சொல்றாங்க. ரொம்ப நாள் கழிச்சு படிச்சப்பதான் தெரிஞ்சுது, எஃப்.டி.ஏ 2020 அக்டோபர்ல முழு அனுமதி குடுத்த அதே மருந்த நவம்பர்ல உலக சுகாதார நிறுவனமான நீங்க ஆஸ்பத்திரியில இருக்கறவங்களுக்கு வேணாம்னு சொல்லியிருக்கீங்க. நாங்க அலைஞ்சது அதுக்கும் பல மாசம் கழிச்சு! அப்புறம் 2022ல திரும்ப மாத்தி சிலருக்கு குடுக்கலாம்னீங்க. ஒவ்வொரு தடவையும் புது ட்ரையல் வந்துச்சு, அதனால மாத்துனீங்க, சரி. ஆனா "உயிரக் காப்பாத்தும்னு இப்போதைக்கு உறுதியான ஆதாரம் இல்ல"ன்னு ஒரே ஒரு வரி அன்னிக்கு எங்க கண்ணுல பட்டிருந்தா, ஊசிக்காரனுக்கு அடிச்ச போன பெரியப்பாவுக்கு அடிச்சு ரெண்டு வார்த்தை பேசியிருப்போம்.

டெக்ஸாமெத்தசோன் நிஜமாவே நல்ல செய்தி. பழைய ஸ்டீராய்டு மருந்து, விலையும் கம்மி. வென்டிலேட்டர்ல இருக்கறவங்க சாவுல மூணுல ஒரு பங்கு, ஆக்சிஜன்ல இருக்கறவங்க சாவுல அஞ்சுல ஒரு பங்கு குறையுதுன்னு 2020 ஜூன்ல ரெக்கவரி ட்ரையல் சொல்லுச்சு. ஆக்சிஜன் தேவைப்படாதவங்களுக்கு பலன் இல்லன்னும் அதே அறிவிப்புலதான் இருந்துச்சு, ஆனா அந்த ரெண்டாவது பாதி ஜனங்ககிட்ட வந்து சேரவே இல்ல, லேசா ஜுரம் வந்தவனும் ஸ்டீராய்ட முழுங்குனான்.

ஐவர்மெக்டின்ல நீங்க பண்ணதுதான் எனக்கு தாங்கல. கொரோனாவுக்கு அது உதவலன்னு பெரிய ட்ரையல்கள் காட்டுனது உண்மை. ஆனா கால்நடைக்கு மட்டுமில்ல, மனுஷங்களுக்கும் குடுக்கற ஒட்டுண்ணி மருந்து அது, கண்டுபிடிச்சவங்களுக்கு 2015ல நோபல் பரிசே கெடைச்சிருக்கு. அதைத் தேடி ஓடுனவங்களப் பாத்து "நீங்க குதிரை இல்ல, மாடு இல்ல"ன்னு 2021 ஆகஸ்ட்ல எஃப்.டி.ஏ ட்வீட் போட்டாங்களே, பயந்து போய் நிக்கறவன்கிட்ட பேசற பேச்சா அது? கடைசியில டாக்டருங்க சிலர் அதுக்காக எஃப்.டி.ஏ மேல போட்ட கேஸ் 2024ல சமரசமாகி அந்தப் பதிவ எடுக்க வேண்டியதாச்சு. சித்தப்பா அதையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சிருக்காரு.

நான் கேக்கறது பெரிய விஷயம் இல்லீங்க. ஒரு மருந்த குடுக்கச் சொல்லும்போதே எதை வச்சு சொல்றீங்க, எவ்வளவு உறுதி, எது இன்னும் தெரியல, எந்த ட்ரையல் முடிவுக்கு காத்திருக்கீங்க, எல்லாத்தையும் தேதி போட்டு எங்க பாஷையில சொல்லுங்க. மாத்துனா பழைய பக்கத்த அழிக்காதீங்க, அதுமேலயே கோடு போட்டு ஏன் மாத்துனோம்னு எழுதுங்க. முதல் அறிவிப்புக்கு எத்தன மைக் வச்சீங்களோ திருத்தத்துக்கும் அத்தன மைக் வைங்க.

பெரியம்மாகிட்ட அந்த நவம்பர் விஷயத்த போன மாசம்தான் மெதுவா சொன்னேன், கொஞ்சமாவது மனசு ஆறட்டும்னு. ரொம்ப நேரம் பேசாம இருந்துட்டு, "அவங்க சொல்றத எப்படிப்பா நம்பறது"ன்னு கேட்டாங்க.

இப்படிக்கு,
குரூப்ப விட்டு வெளிய வந்தவன்