அண்ணே, அந்த ஆம்ப் விஷயமாக

அண்ணே,

டிசம்பரில் லீவுக்கு வருகிறீர்கள் என்று அம்மா சொன்னார்கள். எங்கள் வீட்டுக்கு வந்தால் டீ குடிக்கும் முன்பே உங்களிடம் நான் வாங்கிய கிட்டார் ஆம்பின் பின்பக்கத்தை எட்டிப் பார்ப்பீர்கள். அங்கே சென்ட் ஜாக்கிலிருந்து ரிட்டர்ன் ஜாக்குக்கு ஒரு குட்டி பேட்ச் கேபிள் கிடக்கிறது. நீங்கள் கேட்பதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்.

ஆம்பை வாங்க நான் வந்த அன்று, முட்டத்தில் உங்கள் வீட்டுத் திண்ணை. முதல் ரிஃப்புக்குச் சன்னல் கண்ணாடி அதிர்ந்தது. இரண்டாவதன் நடுவில், யாரோ தலையணை வைத்து அமுக்கியதுபோலச் சத்தம் விழுந்தது. நீங்கள் வால்யூமைத் திருகினீர்கள், கேபிளைப் பிடுங்கிச் சொருகினீர்கள், மேலே ஒரு தட்டும் தட்டினீர்கள். "டிரான்ஸ்பார்மர் போச்சோலே?" என்று என்னைப் பார்த்தீர்கள். நான் வாயைத் திறக்கவில்லை.

சென்டும் ரிட்டர்னும் வெளி எஃபெக்ட் கருவிகளை மாட்டுவதற்கான எஃபெக்ட்ஸ் லூப். அதில் எதுவும் மாட்டாதபோது சிக்னல் ரிட்டர்ன் ஜாக்குக்குள் இருக்கும் சின்னத் தகடு வழியாகத்தான் போகும். கடற்காற்றில் அது களிம்பேறினால் இப்படித்தான் ஆகும். ஒரு பேட்ச் கேபிள் மாட்டினால் சத்தம் திரும்பிவிடும். எனக்கு அன்றைக்கே தெரியும். கேபிளும் என் கிட்டார் பையின் முன் ஜிப்பில்தான் இருந்தது.

நீங்கள் விலையைக் குறைத்தீர்கள். எவ்வளவு என்று எழுதவில்லை, நம் ஊர்க்காரர்களும் இதைப் படிப்பார்கள். அந்தப் பணம் உங்களுக்கு எதற்குத் தேவைப்பட்டது என்பதும் இங்கே வேண்டாம்.

ஆனால் நீங்கள் மட்டும் யோக்கியமா? ஆம்பிலிருந்து ஸ்பீக்கர் பெட்டிக்கு, ஸ்பீக்கர் கேபிளுக்குப் பதில் கிட்டார் கேபிளைப் போட்டல்லவா ஓட்டியிருக்கிறீர்கள்! 120 வாட் டியூப் ஆம்ப் அது. உள்ளே மயிர் மாதிரி இருக்கும் அந்தக் கம்பி சூடேறி அறுந்து, ஸ்பீக்கர் இல்லாமல் ஆம்ப் ஓடியிருந்தால் டிரான்ஸ்பார்மர் நிஜமாகவே போயிருக்கும். வீட்டுக்கு வந்து பார்த்தபோது எனக்குக் கை நடுங்கியது. நான் வாங்கியதால்தான் அது பிழைத்தது என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பழகக் கொஞ்ச நாள் பிடித்தது. லீட் சேனலில் பிரீ என்ற கெயின் குமிழை முழுக்கத் திருப்பினால் எல்லாம் கூழாகிவிடுகிறது. நான்குக்கு மேல் நான் போவதே இல்லை. அடிச்சத்தத்தைக் கூட்டும் ரெசொனன்ஸைக் குறைத்த பிறகுதான் ஓட்டுக்கூரை அடங்கியது. முதல் டியூபைப் பென்சிலால் தட்டினால் ஸ்பீக்கரில் மணி அடித்தது. அதை மாற்றியதும் ஆம்ப் போட்டுக்கொண்டிருந்த ஊளையும் நின்றது. இந்த மாடல் 1992இல் 5150 என்று வந்ததுதான், கிட்டார் கலைஞர் எடி வான் ஹேலன் அதைத் தயாரித்த பீவி கம்பெனியை விட்டு விலகிய பிறகு 6505 ஆனது, உள்ளே அதே சர்க்யூட் என்று எத்தனை தடவை சொல்லியிருப்பீர்கள்! இப்போது நான் அதை வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறேன், உங்கள் குரலிலேயே.

நீங்கள் விமானம் ஏறியதை மட்டும் கோயில் பாடகர் குழுவில் யாரோ சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். ஆம்பை எனக்கு விற்ற வாரம் அது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே பையின் ஜிப்பைத் திறந்திருப்பேனோ என்னவோ. திறந்திருக்க மாட்டேன் என்றும் தோன்றுகிறது.

குறைத்த தொகையை எடுத்து வைத்திருக்கிறேன். அம்மாவிடம் கொடுத்தால் காரணம் கேட்பார்கள், அதனால் உங்கள் கையில்தான். வாங்க மாட்டேன் என்று அடம்பிடிக்காதீர்கள். அந்த ஜாக்கை இன்னும் துடைக்கவில்லை. கிளீனர் வாங்கி வைத்து மாதக்கணக்காகிறது. வந்ததும் நீங்களே அந்தக் கேபிளைக் கழற்றி வாசித்துப் பாருங்கள்.