தாழ்வு மண்டலமும் காற்றின் திசையும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

புயல்கள் குறித்துத் தங்கள் இதழில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். உயர் அழுத்தத்திலிருந்து தாழ்வழுத்தத்தை நோக்கிக் காற்று வீசும் என்று அதில் சொல்லப்பட்டிருந்தது. பள்ளிப் பாடத்தின் முதல் வரி என்ற அளவில் அது சரியே. ஆனால் அத்துடன் நிறுத்திக்கொண்டால், வங்கக் கடலில் உருவாகும் ஒரு தாழ்வு மண்டலம் நாள்கணக்கில் கலையாமல் நகர்ந்து வருவது எப்படி என்பதற்கு விடை கிடைக்காது. காற்று நேராக உள்ளே பாய்வதாக இருந்தால் அந்தத் தாழ்வு சில மணி நேரத்திலேயே நிரம்பிப் போயிருக்கும்.

நிரம்பாமல் தடுப்பது பூமியின் சுழற்சி. அதனால் எழும் கொரியோலிஸ் விசை, வட அரைக்கோளத்தில் நகரும் காற்றை அதன் வலப்பக்கமாகத் திருப்புகிறது. வேகம் கூடக் கூட விசையும் கூடுகிறது. ஆகவே அழுத்த வேறுபாட்டால் உந்தப்பட்டுப் புறப்படும் காற்று, வேகம் பிடிக்கப் பிடிக்க வளைந்து, கடைசியில் சம அழுத்தக் கோடுகளுக்கு (வரைபடத்தில் ஒரே அழுத்தமுள்ள இடங்களை இணைக்கும் கோடுகளுக்கு) இணையாகவே ஓடத் தொடங்குகிறது. அந்நிலையில் தாழ்வை நோக்கி இழுக்கும் விசையும் அதற்கு எதிர்ப்புறம் இழுக்கும் கொரியோலிஸ் விசையும் ஒன்றுக்கொன்று ஈடாகிவிடுகின்றன. இதுவே ஜியோஸ்ட்ரோபிக் சமநிலை. காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றால் தாழ்வழுத்தம் இடக்கைப் பக்கம் இருக்கும் என்று நெதர்லாந்தின் வானிலை அறிஞர் பைஸ் பாலட் 1857இல் வெளியிட்ட விதியும், நம் பக்கத்துப் புயல்கள் எல்லாம் இடஞ்சுழியாகவே சுழல்வதும் இதன் விளைவுகளே. (புயலின் மையத்துக்கு அருகில் காற்றின் பாதை மிகவும் வளைந்திருப்பதால், அங்கே மையவிலக்கு விசையையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.)

கட்டுரையாளர் இதைத் தொடாமல் விட்டது எனக்கு வருத்தமளிக்கக் காரணம் உண்டு. கொரியோலிஸ் விசை அட்சரேகையின் சைன் மதிப்பைப் பொறுத்து மாறுவது; அதாவது, நிலநடுக்கோட்டை நெருங்க நெருங்கக் குறைவது. ஆகவே அங்கே அதே அழுத்த வேறுபாட்டை ஈடுகட்டக் காற்று இன்னும் வேகமாக வீச வேண்டும். 100 கிலோமீட்டர் தூரத்துக்கு 1 ஹெக்டோபாஸ்கல் அழுத்த வேறுபாடு இருப்பதாகக் கொள்வோம். உராய்வையும் பாதையின் வளைவையும் விட்டுவிட்டுக் கணக்கிட்டால், லண்டன் இருக்கும் அட்சரேகையில் சமநிலைக்குத் தேவையான காற்றின் வேகம் மணிக்கு ஏறத்தாழ 26 கிலோமீட்டர். சென்னை இருக்கும் 13 பாகையிலோ அதே வேறுபாட்டுக்கு ஏறத்தாழ 90 கிலோமீட்டர். ஐரோப்பிய வானிலைப் படங்களில் கோடுகள் நெருக்கியடித்துக் கிடப்பதைப் பார்த்துப் பழகியவர்கள், நம் படத்தில் அவை விலகியிருப்பதைக் கண்டு காற்றை இலேசாக எடைபோட்டுவிடக் கூடாது.

நிலநடுக்கோட்டில் இந்த விசையின் கிடைமட்டக் கூறு சுழியாகிவிடுவதால் அங்கே இச்சமநிலைக்கு இடமே இல்லை. அதற்கு இருபுறமும் சுமார் 5 பாகைக்குள் புயல் தோன்றுவது அரிது என்பதற்கு இது முக்கியக் காரணம். 2001 டிசம்பரில் சிங்கப்பூருக்கு அருகே, ஏறத்தாழ 1.5 பாகை வடக்கில் உருவான வாமெய் புயல் மிக அபூர்வமான விதிவிலக்கு.

மழையையும் இதோடு சேர்த்தே விளக்கியிருக்கலாம். கடல் மட்டத்துக்கு அருகில் உராய்வு காற்றின் வேகத்தைக் குறைக்கிறது. வேகம் குறைந்தால் கொரியோலிஸ் விசையும் குறைகிறது. அழுத்த விசை மட்டும் குறையாமல் இருப்பதால் காற்று கோடுகளைக் குறுக்கே கடந்து சற்றே உள்நோக்கிச் சாய்கிறது. அப்படி நாற்புறமிருந்தும் கசிந்து வந்து சேரும் ஈரக்காற்று மேலே எழும்பித்தான் மேகமாகிறது. தாழ்வு நிலைத்திருக்கச் சமநிலை எவ்வளவு தேவையோ, மழை பெய்ய அச்சமநிலை அடிமட்டத்தில் சற்றுக் குலைவதும் அவ்வளவு தேவை.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வானிலைச் செய்தியை வீட்டுக்கு வீடு கவனிக்கும் மாநிலம் நம்முடையது. ஆகவே, சம அழுத்தக் கோடுகளும் காற்றின் திசையும் ஒருங்கே குறிக்கப்பட்ட வங்கக் கடல் வரைபடம் ஒன்றை அட்சரேகைகளுடன் வெளியிட்டு, அதைப் படிக்கும் முறையை விளக்கும் தொடர் கட்டுரை ஒன்றை மழைக்காலம் தொடங்கும் முன்பே தர வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்,
நாகப்பட்டினம்.