செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர் அவர்களுக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் பதினேழு உறுப்பினர்களுக்கும் வணக்கம். பதிவேட்டில் 64 பெயர்கள் இருக்கின்றன. வராதவர்களுக்கும் சேர்த்துத்தான் எழுதியிருக்கிறேன், போகிற வழியில் சொல்லிவிடுங்கள்.

கொடியேற்றம், சரஸ்வதி பூஜை, பொங்கல் கோலப்போட்டி, கண் சிகிச்சை முகாம் எல்லாம் வழக்கம்போல நடந்தன. அழகர் எதிர்சேவையன்று மூன்றுமாவடியில் நீர்மோர்ப் பந்தல் போட்டோம். மோர் பத்து மணிக்கே தீர்ந்துவிட்டது, பானகம்தான் மானத்தைக் காப்பாற்றியது.

இனி, செயற்குழுவில் மூன்று முறை கிளம்பிய கேள்விக்கு வருகிறேன். பிப்ரவரியில் நகரத்துக் கல்லூரி ஒன்றில் வலைப்பதிவு, இணைய இதழியல் அறம் பற்றி மாணவர்கள் நடத்திய இரண்டு நாள் மாநாட்டுக்கு, ஓய்வுபெற்ற ஆளான நான் மன்றப் பணத்தில் ஏன் போனேன்? மூன்று பேர் போவதாகத்தான் தீர்மானம். மூவருக்கும் பதிவுக் கட்டணம் கட்டியாயிற்று. ஒருவருக்கு அன்றைக்கு வீட்டில் காதுகுத்து. இன்னொருவர் இன்றுவரை காரணம் சொல்லவில்லை.

ஏன் போனேன் என்றால், ஆகஸ்டில் நடந்தது உங்களுக்கு மறந்திருக்காது. சைக்கிள் திருடியதாகப் பிடிபட்ட பதினான்கு வயதுப் பையனின் படம், பெயர், பள்ளி எல்லாம் மன்றத்தின் வாட்ஸ்அப் குழுவில் வந்தன. போட்டவன் நான்தான். "சபாஷ் செயலாளர்" என்று இருபது பேர் கைதட்டினீர்கள், அதையும் இங்கே பதிவு செய்கிறேன். மறுநாள் சைக்கிள் வேறொரு வீட்டுச் சந்தில் கிடைத்தது. படத்தை உடனே அழித்தேன். பத்து நாள் கழித்துப் பையனின் அம்மா படிப்பக வாசலில் வந்து நின்றார். "அழிச்சுட்டேங்குறீங்க சார், மேலூர்ல இருக்க எங்க அண்ணன் போனுக்கு நேத்துத்தான் வந்துச்சு" என்றார். எனக்குப் பேச்சு வரவில்லை.

மாநாட்டில் ஒரு சட்டக்கல்லூரி மாணவி இதையேதான் விளக்கினார். 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், 74ஆம் பிரிவு: வழக்கில் சிக்கிய 18 வயதுக்குட்பட்டவரை அடையாளம் காட்டும் பெயர், முகவரி, பள்ளி, படம் எதையும் வெளியிடக் கூடாது. பத்திரிகை என்றில்லை, எந்தத் தகவல்தொடர்பு வழியாக இருந்தாலும் சரி. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். டீ இடைவேளையில் அவரிடம் போய், "தெரிந்தவர் ஒருவர் இப்படிச் செய்துவிட்டார்" என்று ஆரம்பித்தேன். அவர் என் முகத்தைப் பார்த்த பார்வையில் மீதியை விழுங்கிவிட்டேன்.

நம்மில் சிலர், இணையத்தில் புண்படுத்தும்படி எழுதுவதைக் குற்றமாக்கிய தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச்சில் நீக்கிவிட்டது, இனி எதையும் எழுதலாம் என்கிறார்கள். எழுத முடியாது. அவதூறு இன்னும் குற்றம்தான். பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 499, 500 பிரிவுகள் 2024 ஜூலை முதல் புதிய பாரதிய நியாய சன்ஹிதாவில் 356 ஆகியிருக்கின்றன, அவ்வளவே. சொன்னது உண்மை என்பது மட்டும் தப்பிக்கப் போதாது, பொதுநன்மைக்காகச் சொன்னதாகவும் இருக்க வேண்டும். இது எனக்கே புதிய செய்தி.

மாணவர்கள் பேசியதில் இன்னும் இரண்டு. தவறு வந்தால் சத்தமில்லாமல் அழிக்காமல், எது தவறு என்று அதே இடத்தில் சொல்ல வேண்டும். ஓசியில் வாங்கியதைப் பாராட்டினால், ஓசி என்பதையும் எழுத வேண்டும். புதுப் பிரியாணிக் கடையைப் புகழ்ந்து குழுவில் நான்கு பத்தி எழுதிய நம் உறுப்பினர் இன்று வரவில்லை.

திரும்பியதும் குழுவில் ஒரு திருத்தம் போட்டேன், பையனின் பெயரை மறுபடி சொல்லாமல். அதற்குக் கைதட்டியவர்கள் மூன்று பேர்.

வரவுசெலவைப் பொருளாளர் வாசிப்பார். வரவு போன ஆண்டைவிடச் சற்றுக் குறைவு, செலவு ஏறக்குறைய அதேதான், கையிருப்பு இருக்கிறது. சந்தா பாக்கி 31 பேர். என் பஸ் டிக்கெட்டைப் பற்றிக் கேள்வி கேட்ட இருவரும் அந்த 31இல் அடக்கம். பந்தலுக்கு இடம் தந்த வீட்டாருக்கும், கணக்கைத் தணிக்கை செய்தவருக்கும், துணைத்தலைவருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு பொறுப்பை இளையவர் ஒருவர் ஏற்றால் எனக்கு மகிழ்ச்சியே. படிப்பகச் சாவி, குழுவின் அட்மின் பொறுப்பு, கரண்ட் பில் கட்டும் வேலை மூன்றும் சேர்ந்தே வரும். விருப்பமுள்ளவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னைப் பார்க்கலாம். ரசீதுப் புத்தகத்தோடு பொருளாளர் வாசலில்தான் உட்கார்ந்திருப்பார்.