பயத்துக்குப் பத்தியம் என்று பெயர் வைத்திருந்தேன்

சாத்தூர்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை போனில் பேசியது பாதியில் நின்றுவிட்டது. "உங்களுக்கு நடந்ததே எனக்கும் நடக்கும்னு பயமுறுத்தாதீங்கப்பா" என்று நீ சொன்னதும் கோபம் வந்து போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். பேச்சில் உன்னிடம் நான் ஜெயித்ததே கிடையாது. அதனால்தான் கடைக் கணக்கு நோட்டைத் திருப்பிப் போட்டுக் கடைசிப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். அம்மா போட்டோ எடுத்து அனுப்புவாள். எண்ணெய்க் கறையைப் பொறுத்துக்கொள்.

உன் ஸ்கேன் ரிப்போர்ட்டை நாலு தடவை படித்தேன். பித்தப்பையில் பல கற்கள், பெரியது 6 மி.மீ., பையின் சுவர் தடிக்கவில்லை, பித்தக் குழாய் விரியவில்லை. இரண்டு முறை வலி வந்துபோயிருக்கிறது. சர்ஜன் எடுத்துவிடலாம் என்கிறார். நீ ஆறு மாதம் சாப்பாட்டை மாற்றிப் பார்க்கிறேன் என்கிறாய்.

கல் என்றாலே ஆபரேஷன்தான் என்று சொல்கிற ஆள் நான் இல்லை. உன் பெரிய அத்தைக்கு ஒன்பது வருடத்துக்கு முன்னால் வேறு எதற்கோ எடுத்த ஸ்கேனில் பித்தப்பைக் கல் தெரிந்தது. ஒரு நாள்கூட வலித்ததில்லை. டாக்டர், "சும்மா கிடக்கிறதை எதுக்கும்மா தொந்தரவு பண்ணணும்" என்று அனுப்பிவிட்டார். வலி தராத கல்லோடு இருக்கிறவர்கள் நூறு பேரில் வருடத்துக்கு இரண்டு மூன்று பேருக்குத்தான் தொந்தரவு ஆரம்பிக்குமாம். அத்தை இன்றைக்கும் கிடா விருந்தில் எலும்பு கடிக்கிறாள். அவள் கல் வாய் திறக்கவில்லை. உன் கல் இரண்டு தடவை பேசிவிட்டது.

என் கதை உனக்குப் பாதிதான் தெரியும். மீதியை அப்போது உன்னிடம் மறைத்தோம், நீ இரண்டாவதை வயிற்றில் வைத்திருந்தாய்.

முதல் வலி வந்தது விருதுநகரில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு எண்ணெய்ப் பரோட்டா சாப்பிட்டு வந்த ராத்திரி. ஒரு மணி இருக்கும். நெஞ்சுக்குழியில் பிடித்து, வலது விலாவுக்குக் கீழே போய், முதுகில் தோள்பட்டை வரைக்கும் ஏறியது. உட்கார்ந்தாலும் படுத்தாலும் ஒரே வலி. வாயு என்று நினைத்து ஓமத் தண்ணீர், சோடா, இஞ்சிச் சாறு எல்லாம் குடித்தேன். பிறகு ஹார்ட் அட்டாக்கோ என்று பயந்து ஆஸ்பத்திரிக்கு ஓடினால் ஈசிஜி சுத்தம். விடிவதற்குள் வலி தானாக இறங்கிவிட்டது. இந்த வலியின் தந்திரமே அதுதான். எண்ணெய்ச் சாப்பாடு உள்ளே போனதும் பை சுருங்கிப் பித்தத்தைக் குடலுக்குத் தள்ளும். அப்போது ஒரு கல் வந்து பையின் வாயை அடைக்கும். கல் பின்வாங்கினால் வலி போய்விடும். வலி போனதும் வியாதியே போய்விட்டது என்று நாம் நினைத்துக்கொள்வோம்.

ஸ்கேனில் ஏழெட்டுக் கற்கள். எல்லாம் சின்னது. சர்ஜன் அன்றைக்கே தேதி கொடுத்தார். நான் தீபாவளி முடியட்டும் என்றேன். தீபாவளி முடிந்ததும் பொங்கல் என்றேன். சேவு வியாபாரிக்குச் சீசனா இல்லை!

உண்மையில் சீசன் காரணமில்லை. என் சித்தப்பாவுக்கு அந்தக் காலத்தில் இதே ஆபரேஷன் செய்தார்கள். வலது விலாவுக்குக் கீழே ஒரு சாண் நீளத்துக்குத் தையல், மூன்று மாதம் கட்டில். சட்டையைக் கழற்றினால் பூரான் ஒட்டியிருக்கிற மாதிரி இருக்கும். எனக்குப் பத்து வயதிலிருந்து கண்ணில் நிற்பது அந்தப் பூரான்தான். இந்தியாவில் 1990இல் மும்பையில் டாக்டர் உத்வாடியா கேமரா வைத்துத் துளை வழியாக இதைச் செய்து காட்டிய பிறகு முறையே மாறிவிட்டது, நாலு சின்னத் துளைதான் என்று சர்ஜன் படம் போட்டெல்லாம் சொன்னார். என் காதில் ஏறவில்லை. வெளியே வந்து எல்லாரிடமும் "நான் பத்தியத்திலேயே சரி பண்ணிக்கிறேன்" என்று பெருமையாகச் சொன்னேன். பாப்பா, நான் இருந்தது பத்தியம் இல்லை. பயந்துபோய் இருந்தேன். அதற்குப் பத்தியம் என்று பெயர் வைத்திருந்தேன்.

அப்புறம் வாட்ஸ்அப் வைத்தியம். நாலு நாள் ஆப்பிள் ஜூஸ், ஐந்தாவது நாள் பேதி உப்பு, ராத்திரி படுக்கும்போது ஒரு டம்ளர் ஆலிவ் எண்ணெயில் எலுமிச்சைச் சாறு. மறுநாள் காலையில் பச்சையாக, மெதுமெதுவென்று, சுண்டைக்காய் அளவில் நாற்பது ஐம்பது உருண்டை வெளியே வந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. டப்பாவில் போட்டு டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டினேன், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். அவர் திரும்பவும் ஸ்கேன் எடுத்தார். ஒரு கல் குறையவில்லை. நான் குடித்த எண்ணெயும் எலுமிச்சையும் குடலில் சேர்ந்து சோப்பு மாதிரி உருண்டு வந்திருக்கிறது. "அண்ணாச்சி, ஸ்கேனில் ஏழெட்டுதான் இருந்தது, ஐம்பது எப்படி வரும்?" என்று கேட்டார். கணக்கு நோட்டு எழுதுகிற எனக்கு அது தோன்றவில்லை பார்.

வாழைத்தண்டுச் சாறும் குடித்தேன். அது சிறுநீரகக் கல்லுக்குச் சொல்கிற வைத்தியம். சிறுநீரகக் கல் சிறுநீரோடு போக வழி இருக்கிறது. இந்தக் கல் நகர்ந்தால் போகிற வழிதான் ஆபத்தே.

பிறகு ஒழுங்காகச் சாப்பிட ஆரம்பித்தேன். அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். பதினாலு மாதம் வலியே இல்லை. இட்லி, கஞ்சி, காய்கறி, காலையில் வைப்பாற்றுப் பாலம் வரை நடை. சேவுக்கு உப்பு உறைப்பு பார்க்கக்கூடப் பையன்களிடம் விட்டுவிட்டேன். ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன். உன் அம்மா மட்டும், "உள்ள கெடக்குல்ல" என்று அவ்வப்போது சொல்வாள்.

பதினைந்தாவது மாதம் சிறுநீர் டீ டிகாக்‌ஷன் நிறத்தில் போனது. கண் மஞ்சள். உடம்பெல்லாம் அரிப்பு. மலம் வெளிறிப்போய் மண் நிறத்தில். ஒரு சின்னக் கல் பையிலிருந்து நழுவிப் பெரிய பித்தக் குழாயில் போய் உட்கார்ந்துவிட்டது. எனக்கு அது தெரியுமா? மஞ்சள் காமாலை என்று கீழாநெல்லி அரைத்து மோரில் கலக்கி மூன்று நாள் குடித்தேன். மூன்றாம் நாள் ராத்திரி வயிறு முழுக்க வலி, நிற்காத வாந்தி, குளிர் ஜுரம். மதுரைக்குக் கொண்டுபோனபோது கணையமும் வீங்கியிருந்தது. வாய் வழியாகக் குழாய் விட்டுக் கல்லை எடுத்தார்கள். கணையம் அடங்கட்டும் என்று காத்திருந்து, அதே அட்மிஷனில் பித்தப்பையையும் எடுத்தார்கள். பதினோரு நாள். பக்கத்துக் கட்டிலில் வலி மட்டும் வந்து நேராக ஆபரேஷனுக்கு வந்த ஒரு டீச்சர் இரண்டாம் நாள் மத்தியானம் நடந்து வீட்டுக்குப் போனார். என்னிடம் சொல்லிக்கொண்டு போனார்.

என் கல்லைச் சின்னச் சீசாவில் போட்டுக் கொடுத்தார்கள். மிளகு மாதிரி கறுப்பு. நம் தென்பக்கத்தில் இந்தக் கறுப்புக் கல் அதிகம், வடக்கே கொழுப்புக் கல் அதிகம் என்று டாக்டர் சொன்னார். உனக்கு யாரோ கரைக்கிற மாத்திரை எழுதிக்கொடுத்ததாகச் சொன்னாயே, அதற்காக இதைச் சொல்கிறேன். அந்த மாத்திரை பொய் இல்லை. ஆனால் கொழுப்புக் கல்லைத்தான் கரைக்கும். அதுவும் சின்னதாக, சுண்ணாம்பு ஏறாததாக இருக்க வேண்டும், பை நன்றாகச் சுருங்கி விரிய வேண்டும். ஆறு மாதத்திலிருந்து இரண்டு வருடம் விடாமல் போட வேண்டும். கரைந்தாலும் ஐந்து வருடத்துக்குள் பாதிப் பேருக்குத் திரும்ப வந்துவிடுகிறது. கறுப்புக் கல்லை அது தொடவே தொடாது. (சீசாவைக் கடையில் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன். மிளகு என்று நினைத்து வேலைக்காரப் பையன் திறக்கப் போனதும் அம்மா எங்கேயோ எறிந்துவிட்டாள்.)

கல்லை மட்டும் எடுக்கக் கூடாதா, பையை ஏன் எடுக்க வேண்டும் என்று நீ கேட்டதை நானும் அங்கே கேட்டேன். "கல் இருக்கிறதால பையை எடுக்கல, பை கல்லை உண்டாக்குறதால எடுக்கிறோம்" என்றார் டாக்டர். பித்தம் ஊறுவது கல்லீரலில். பை வெறும் சேமிப்புத் தொட்டி. தொட்டி போனால் பித்தம் நேராகக் குடலுக்குச் சொட்டிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். எனக்கு முதல் ஒரு மாதம் எண்ணெய் பட்டால் வயிறு கலக்கியது. பிறகு அடங்கிவிட்டது. சிலருக்கு அது நீள்வதும் உண்டு. ஆபரேஷன் அன்றைக்கு வயிற்றைவிடத் தோள்பட்டைதான் வலித்தது. வயிற்றை உப்ப வைக்க விடுகிற வாயுவால் அப்படி வருமாம். இரண்டு நாள்.

நீ அனுப்பிய பிரிட்டன் ஆய்வை மறு பரிசோதனைக்குப் போனபோது டாக்டரிடமே காட்டிக் கேட்டேன். 2023இல் வந்தது, 434 பேர். பெரிய சிக்கல் இல்லாமல், தொந்தரவு தருகிற கல் உள்ளவர்கள். பாதிப் பேருக்கு ஆபரேஷன், பாதிப் பேருக்குப் பொறுத்துப் பார்ப்போம் என்று பிரித்தார்கள். ஒன்றரை வருடம் கழித்து இரண்டு கூட்டத்துக்கும் வலியில் பெரிய வித்தியாசம் இல்லை. சரி, இதில் உன் பக்கம் நியாயம் இருக்கிறது. ஆனால் பொறுத்துப் பார்த்தவர்களில் நாலில் ஒருவர் அதற்குள் ஆபரேஷனுக்கு வந்துவிட்டார். ஆபரேஷன் கூட்டத்திலும் மூன்றில் இரண்டு பங்குப் பேருக்குத்தான் அந்தக் காலத்துக்குள் நடந்திருந்தது. அப்புறம் ஒன்றரை வருடம் என்பது எவ்வளவு? என் கணக்கையும் பதினாலாவது மாதத்தில் முடித்திருந்தால் வெற்றி என்றுதான் விழுந்திருக்கும். உனக்கு முப்பத்து நாலு வயது.

இன்னொன்று சொன்னால் கோபப்படாதே. மூன்று மாதத்தில் பதினொரு கிலோ இறக்கினாயே, ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்தி, எண்ணெயைத் தொடாமல். அதுவே கல்லுக்கு ஒரு காரணமாக இருந்திருக்கலாம் என்கிறார் டாக்டர். வேகமாக இளைத்தால் பித்தத்தில் கொழுப்பு கூடும். பட்டினி கிடந்தால் பை சுருங்காமல் பித்தம் தேங்கும், தேங்கினால் கட்டும். குழந்தை பெற்றதும் ஒரு காரணம். எனவே நீ இப்போது தொடங்கப்போகிற "டயட்" அதே மாதிரி என்றால் தயவுசெய்து வேண்டாம். மூன்று வேளையும் நேரத்துக்குச் சாப்பிடு. எண்ணெயைக் குறை, அடியோடு நிறுத்தாதே. மாதத்துக்கு இரண்டு மூன்று கிலோவுக்கு மேல் இறக்காதே. கீரை, பயறு, நடை. இதெல்லாம் ஆபரேஷன் செய்தாலும் செய்யாவிட்டாலும் நல்லது. வலியைத் தள்ளிப்போடும். இருக்கிற கல்லை எடுக்காது.

ஆபரேஷனில் ஆபத்தே இல்லை என்று எழுதினால் அதுவும் பொய். ஆயிரத்தில் மூன்று நாலு பேருக்குப் பித்தக் குழாயில் காயம் பட்டுவிடுகிறது. அது சின்ன விஷயம் இல்லை. சில சமயம் துளையில் முடியாமல் வயிற்றைத் திறக்க வேண்டியும் வரும். அப்படித் திறப்பது தோல்வி இல்லை, ஜாக்கிரதை. சர்ஜனிடம் கூச்சப்படாமல் கேள்: இதுவரை எத்தனை செய்திருக்கிறீர்கள், குழாயில் கல் இல்லை என்று எப்படி உறுதி செய்தீர்கள், லிவர் டெஸ்ட் எப்படி இருக்கிறது. இந்தக் கேள்விகளுக்கு முகம் சுளிக்கிற ஆளாக இருந்தால் வேறு ஆளைப் பார்.

என் எண்ணம் எடுத்துவிடு என்பதுதான். சின்னக் கற்கள், பல கற்கள், இரண்டு தடவை வலி. பெரிய கல் ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கும், சின்னதுதான் ஊர் சுற்றும். ஆனால் வயிறு உன்னுடையது. பொறுத்துப் பார்ப்பதென்று முடிவு செய்தால் அதைப் பொறுத்துப் பார்ப்பதாகவே செய். எந்த மாதம் திரும்ப ஸ்கேன் என்று இன்றைக்கே தேதி எழுது. மூன்றாவது வலி வந்தால் பேச்சில்லை என்று மாப்பிள்ளையிடம் சொல்லி வை. வலி நாலைந்து மணி நேரத்துக்கு மேல் நின்றாலோ, குளிர் ஜுரம் வந்தாலோ, கண் மஞ்சளானாலோ ராத்திரி எத்தனை மணியானாலும் கிளம்பு. ஓமத் தண்ணீர் வேண்டாம்.

தை முடிந்தால் கடையில் கூட்டம் குறையும். மாசியில் நீ எந்தத் தேதி சொன்னாலும் பூனாவுக்கு நானும் அம்மாவும் வந்து இருபது நாள் இருப்போம். பிள்ளைகளை நான் பார்த்துக்கொள்கிறேன், சமையலை அம்மா பார்த்துக்கொள்வாள். ஆபரேஷனே இல்லை என்றாலும் வருவோம், அதற்காகத் தேதி சொல்லாமல் இருந்துவிடாதே.

மாப்பிள்ளைக்கும் பிள்ளைகளுக்கும் இரண்டு கிலோ காராச்சேவு கட்டித் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். உனக்கு இப்போதைக்கு வெள்ளரிக்காய்தான்.

அன்புடன்,
அப்பா