செல்ப் எடுக்கவில்லை என்றதும் பேட்டரி வாங்கிவிடாதே

ஷார்ஜா

அன்புத் தம்பிக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

நான் நலம். உம்மா, ராத்தா எல்லாரும் நலமா? இங்கே வெயில் கொளுத்துகிறது. ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மதியம் 12.30-லிருந்து 3 மணி வரை வெட்டவெளியில் வேலை வாங்கக் கூடாதென்று சட்டம். எங்கள் கராஜுக்குக் கூரை இருக்கிறதே, அந்த ஓய்வு எங்களுக்கு இல்லை! இந்தச் சூட்டில் பேட்டரி இரண்டு வருடம் தாண்டினாலே பெரிய விஷயம். மாற்றி மாற்றிக் கை காய்த்துவிட்டது.

உன் வண்டி கதை வேறு. ஹெட்லைட் பளிச்சென்று எரிகிறது, செல்ப் அடித்தால் 'டக்' என்று நின்றுவிடுகிறது, ஒயரை ஆட்டினால் ஸ்டார்ட் ஆகிறது என்கிறாய். கீழக்கரையிலிருந்து ராமேஸ்வரத்துக்கு ஓயாத சவாரி, பாம்பனில் இரும்பைத் தின்னும் உப்புக்காற்று. பேட்டரியில் ஒயர் மாட்டும் டெர்மினல் பூத்து, பிடிப்பு கெட்டிருக்கும். விளக்குக்குச் சில ஆம்பியர் போதும். செல்ப் மோட்டார் நூறுக்கு மேல் இழுக்கும். அரைகுறைப் பிடிப்பில் விளக்கு எரியும், மோட்டார் சுற்றாது.

மல்டிமீட்டரை (வோல்ட் அளக்கும் மீட்டர்) 20 வோல்ட் டிசியில் வை. ராத்திரி நிறுத்திய வண்டியில் காலையில் பேட்டரியின் இரண்டு முனையிலும் வைத்துப் பார், 12.6 காட்டினால் சார்ஜ் இருக்கிறது. அப்புறம் சிவப்பு முனையை பாசிட்டிவ் போஸ்ட்டின் (பேட்டரியில் துருத்தி நிற்கும் முனை) ஈயத்திலும் கறுப்பை அதைக் கவ்வும் கிளாம்பிலும் வைத்து, மச்சானைச் செல்ப் அடிக்கச் சொல். மீட்டர் பூஜ்யத்தை ஒட்டி நிற்க வேண்டும். அரை வோல்ட் காட்டினால் திருடன் அங்கேதான். நெகட்டிவிலும் அப்படியே பார். கடைசியாக நெகட்டிவ் போஸ்ட்டுக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் நடுவே வைத்து அடி, 0.2-க்கு மேல் போனால் கோளாறு எர்த் ஒயரில், அதாவது பேட்டரி நெகட்டிவை இன்ஜினோடும் பாடியோடும் சேர்க்கும் ஒயரில். பாதிப் பேர் அதைத் தொட்டே பார்ப்பதில்லை.

கழற்றும்போது நெகட்டிவ் முதலில். இல்லாவிட்டால் பாசிட்டிவில் இருக்கும் ஸ்பேனர் பாடியில் பட்டதும் தீப்பொறி பறக்கும். ஆப்பசோடா கரைத்த தண்ணீரால் கழுவி (மூடிக்குள் இறங்காமல்), உப்புத்தாளால் ஈயம் மின்னத் தேய். மாட்டும்போது பாசிட்டிவ் முதலில். இறுக்கிவிட்டு மேலே வாசலின் தடவு.

இவ்வளவு செய்தும் செல்ப் அடிக்கையில் பேட்டரி 9.6 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் சரி, புதுசு போடு, பணம் அனுப்புகிறேன். உம்மாவின் கண்ணாடிக்கு எடுத்து வைத்ததில் மட்டும் கை வைக்காதே.

இப்படிக்கு,
உன் காக்கா