பன்னாட்டு மாநாடுகளின் ஒப்பந்தப்புள்ளியிலேயே சுற்றுச்சூழல் நிபந்தனைகளைச் சேர்க்கக் கோரும் மனு

அனுப்புநர்:
மாநாட்டு அரங்க அமைப்பு, உணவு வழங்கல், ஜெனரேட்டர், கழிவு அகற்றல் பணிகளில் உள்ளோர்,
சென்னை.

பெறுநர்:
அரசுச் செயலாளர் அவர்கள்,
தொழில், முதலீட்டு ஊக்குவிப்பு மற்றும் வர்த்தகத் துறை,
தலைமைச் செயலகம், சென்னை – 600 009.

பொருள்: அரசு நடத்தும் பன்னாட்டு மாநாடுகள் – சுற்றுச்சூழல் நிபந்தனைகளை ஒப்பந்தப்புள்ளி ஆவணத்தில் சேர்த்தல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். 2024 ஜனவரி 7, 8 தேதிகளில் நந்தம்பாக்கம் சென்னை வர்த்தக மையத்தில் நடந்த உலக முதலீட்டாளர்கள் மாநாட்டைப் போன்ற பெரிய நிகழ்வுகளுக்கு, ‘பிளாஸ்டிக்கைத் தவிர்க்கவும்’ என்று வேலை உத்தரவுக்குப் பிறகு வரும் சுற்றறிக்கை பயன் தராது. குறைந்த விலைப்புள்ளியில் வேலை எடுத்தவர், எறியும் பொருளுக்குத்தான் விலை போட்டிருப்பார். ஸ்டீல் டம்ளருக்கும் அதைக் கழுவும் ஆட்களின் கூலிக்கும் அந்தத் தொகையில் இடமிருக்காது. எனவே இத்தகைய பொருள்களும் பணிகளும் ஒப்பந்தப்புள்ளி ஆவணத்தின் அளவுப் பட்டியலில் (என்னென்ன, எவ்வளவு தேவை என்று காட்டும் பட்டியல்) தனித்தனி இனங்களாக, தனி விலையுடன் இடம்பெற வேண்டும் என்பதே எங்கள் கோரிக்கை.

குடிநீரை எடுத்துக்கொள்வோம். 5,000 பேருக்குத் தலைக்கு 2 லிட்டர் என்றால் நாளொன்றுக்கு 10,000 லிட்டர். அரை லிட்டர் பாட்டிலில் கொடுத்தால் 20,000 பாட்டில். 20 லிட்டர் கேனில் 500 கேன், அதுவும் திரும்பப் போய்விடும். சிக்கல் டம்ளரில்தான் வருகிறது. தலைக்கு ஒன்று என வைத்தால், தேநீர் இடைவேளையில் 5,000 டம்ளரும் ஒரே நேரத்தில் வெளியே போய்விடும். கழுவித் துடைத்து மேசைக்கு வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதற்குள் தண்ணீர் கேட்டு வருபவருக்கு டம்ளர் இருக்காது. பின்னால் ‘அவசரத்துக்கு’ வைத்திருக்கும் பேப்பர் கப் பெட்டி அப்போதுதான் பிரிக்கப்படும். உட்புறம் பிளாஸ்டிக் பூசிய அந்தக் கப், 2019 ஜனவரி 1 முதல் இம்மாநிலத்தில் தடை செய்யப்பட்ட பொருள். ஆகவே தலைக்கு இரண்டரை டம்ளர், அதாவது 12,500 டம்ளர், தனிக் குழாய் இணைப்புள்ள கழுவுமிடம், எண்ணெய்ப் பிசுக்கைப் பிடிக்கும் தொட்டி ஆகியவற்றைப் பட்டியலில் எழுத வேண்டும். ‘மக்கும் கப்’ என்பதை மாற்றாக ஏற்க வேண்டாம். சோள மாவுப் பிளாஸ்டிக்கில் செய்த கப் மக்குவதற்குச் சுமார் 60 டிகிரி வெப்பம் நிலைத்திருக்கும் உரக்கூடம் தேவை. சாதாரணக் குழியில் போட்டால் அப்படியே கிடக்கும்.

ஸ்டால்களில் ஆக்டோநார்ம் எனப்படும், கழற்றி மாட்டும் அலுமினியச் சட்டங்கள் திரும்பத் திரும்ப வாடகைக்குப் போகின்றன. அது நல்ல வழக்கம். வீணாவது தரைவிரிப்பும், வினைல் என்ற பிளாஸ்டிக் தாளில் அச்சிட்ட பேனர்களும். இருபக்கப் பசைநாடாவால் ஒட்டிய மெல்லிய விரிப்பை, அரங்கை ஒரே இரவில் காலி செய்ய வேண்டிய அவசரத்தில் கிழித்துத்தான் எடுக்க முடியும். கிழிந்தது மறுபடி விரிக்க உதவாது, பசை படிந்ததால் மறுசுழற்சிக்கும் எடுக்க மாட்டார்கள். நடைபாதைகளில் விரிப்பே வேண்டாம். ஸ்டாலுக்குள் கழற்றி மாட்டும் சதுர விரிப்புகள் போதும். பேனர்கள் துணியில் இருக்கட்டும். ஆண்டு, தேதி அச்சிடாத பொதுப் பேனர்களை அடுத்த மாநாட்டுக்கும் கட்டலாம். அரங்கைக் காலி செய்யக் கூடுதலாக 12 மணி நேரம் கொடுத்தால் சேதம் பெருமளவு குறையும். இதற்கு ஆகும் செலவு அந்த நேரத்துக்கான அரங்க வாடகை மட்டுமே.

ஜெனரேட்டர் விஷயத்தில், பாதுகாப்புக்கென்று 500 கேவிஏ (மின்திறன் அளவு) எந்திரம் ஒன்றை நிறுத்தி, அதன் திறனில் கால்வாசிகூடப் பயன்படுத்தாமல் நாள் முழுக்க ஓட்டுவது பெரிய விரயம். 30 சதவீதத்துக்கும் குறைந்த சுமையில் டீசல் முழுமையாக எரியாது, கரும்புகை வரும், புகைக்குழாயில் எண்ணெய் படியும், ஒரு யூனிட்டுக்கு ஆகும் டீசலும் கூடும். எரியும் ஒவ்வொரு லிட்டரும் சுமார் 2.7 கிலோ கரியமில வாயுவை வெளியிடும். தற்காலிக உயர் அழுத்த மின் இணைப்பை முன்கூட்டியே பெற்று, 125 கேவிஏ எந்திரங்களைச் சுமைக்கேற்ப ஒவ்வொன்றாக இயக்கும்படி நிபந்தனை வையுங்கள். ஏசியை 24 டிகிரிக்குக் கீழே இறக்கக் கூடாது.

பன்னாட்டு மாநாட்டின் கரியமில வாயுக் கணக்கில் பெரும்பங்கு பெரும்பாலும் விமானப் பயணத்தினுடையது. நீண்ட தூரப் பயணத்தில் பிசினஸ் வகுப்பு இருக்கை ஒன்று எகானமி இருக்கையைப் போல் சுமார் மூன்று மடங்கு கணக்காகும். ஒரு மணி நேர உரைக்காக மட்டும் வருபவர்களுக்கு அரசுச் செலவில் விமானச்சீட்டுக்குப் பதில் காணொளி வசதி கொடுக்கலாம். வருபவர்களுக்கு, விமான நிலையத்திலிருந்து ஆலந்தூர் வரை மெட்ரோ, அங்கிருந்து மாநகரப் போக்குவரத்துக் கழகத்தின் மின்சாரப் பேருந்து என ஏற்பாடு செய்து, அழைப்பிதழிலேயே பயணச்சீட்டை இணைக்க வேண்டும்.

கழிவைப் பொறுத்தவரை, நான்கு நிறத் தொட்டி வைத்தால் மட்டும் போதாது. பகலில் பிரித்த கழிவை இரவில் ஒரே லாரியில் கொட்டினால் மொத்தமும் பாழ். ஈரக்கழிவுக்குத் தனி வண்டி, அது உயிரி எரிவாயு ஆலைக்கோ உரக்கூடத்துக்கோ சென்றதற்கான எடைமேடை ரசீது இரண்டையும் கட்டாயமாக்குங்கள். ரசீதுகள் வரும்வரை ஒப்பந்ததாரரின் இறுதி பில் தொகையில் 10 சதவீதத்தை நிறுத்தி வையுங்கள். ஒப்பந்ததாரர்களை ஒழுங்குபடுத்த இதைவிட வலுவான வழி இல்லை என்று இத்தொழிலில் உள்ள நாங்களே சொல்கிறோம்.

ஒப்பந்தப்புள்ளியில், தொழில்நுட்ப விவரத்தையும் விலையையும் தனித்தனி உறையில் பெறும் இரு உறை முறையைக் கடைப்பிடித்து, இவற்றைத் தொழில்நுட்ப உறையின் தகுதி நிபந்தனைகளாக வைத்தால், எல்லோரும் ஒரே அளவு வேலைக்கு விலை போடுவார்கள். நேர்மையாகச் செய்ய நினைப்பவர் விலையில் தோற்க மாட்டார். நிகழ்வுகளை நிலைத்தன்மையோடு நடத்துவதற்கான ஐஎஸ்ஓ 20121 என்ற பன்னாட்டு மேலாண்மைத் தரம் 2012 முதல் நடைமுறையில் இருப்பதால், அதை அடிப்படையாகக் கொள்ளலாம்.

அடுத்த மாநாட்டின் ஒப்பந்தப்புள்ளி அறிவிப்பு வெளியாகும் முன் எங்களை ஒரு கலந்தாய்வுக்கு அழைக்க வேண்டுகிறோம். மாதிரி அளவுப் பட்டியலை எழுதி எடுத்து வருகிறோம்.

இப்படிக்கு,
மனுதாரர்கள்

நகல்: மேலாண்மை இயக்குநர், சென்னை வர்த்தக மையம், நந்தம்பாக்கம்.